மரம் வெட்டும் இடத்தில் வழிப்போக்கரின் ஹக்கு



அம்புகளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ நடந்து செல்கிறவர், யார் மீதும் பட்டுவிடாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கட்டளை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது. மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இதை வேகமாகக் கடந்து போனவன் நான். இந்தக் காலத்தில் அம்பு ஏந்தி யார் வருகிறார்கள் என்று எண்ணியதும் உண்டு. அதன் பொருள் எனக்கு விளங்கியது ஒரு வேப்பமரத்தடியில்தான்.

அப்போது நான் ஒரு மஹல்லாவில் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்தேன். பள்ளியின் மதிலை ஒட்டி நின்ற வேம்பின் பட்ட கிளைகளைக் கழிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். “மாலையில் இந்த வழியாக வராதீர்கள்” என்று காலையிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்; என் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன். காலையில் வராத பையன் ஒருவன், ஏழு வயதிருக்கும், அஸருக்குப் பின் கிதாபை நெஞ்சோடு அணைத்தபடி நேரே மரத்தடிக்கு வந்தான். நாங்கள் கத்தியது மிஷின் ரம்பத்தின் இரைச்சலில் மேலே இருந்தவருக்குக் கேட்கவில்லை. கிளை அவனுக்கு இரண்டு முழம் பின்னால் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், கீறல்கூட இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முனையைப் பிடித்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன் அல்லவா?

அந்த ஹதீஸைக் கவனியுங்கள். ‘அம்பு வருகிறது, ஒதுங்கி நில்லுங்கள்’ என்று கடைவீதியில் நிற்பவர்களுக்கு அங்கே சொல்லப்படவில்லை. ஏந்திச் செல்பவருக்கே கட்டளை. ஆகவே மரம் வெட்டும் இடத்தில், “பார்த்து வரக்கூடாதா?” என்று வழிப்போக்கரை அதட்டுவது முறையன்று. அவர் வராமல் காப்பது வெட்டுபவர் மீதும், அவரை வேலைக்கு அழைத்த வீட்டார் மீதும், பள்ளி மரமாயின் நிர்வாகத்தார் மீதும் உள்ள பொறுப்பாகும்.

பிக்ஹுக் கிதாபுகள் இதை லேசாக விடவில்லை. தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றுவிட்டால் தியத்தும் கஃப்பாராவும் உண்டென்பதைத் திருமறையின் நிஸா சூராவின் 92வது வசனத்தில் காண்கிறோம். அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு வைக்க வேண்டும். பொதுப்பாதையில் அனுமதியின்றிக் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்து மௌத்தானால்? தியத் உண்டென்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபும் ஒன்றுபடுகின்றன. ஷாஃபிஈயில் கஃப்பாராவும் உண்டு. ஹனஃபியில் அது இல்லை. ஹனஃபி சட்டங்களைக் கொண்டு உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லாவில் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு சட்டம் வருகிறது. எச்சரிக்கப்பட்ட பிறகும், இடிக்க அவகாசம் இருந்தும், உடையவர் சும்மா இருந்து சுவர் விழுந்தால் நஷ்டம் அவரைச் சேரும். பொதுப்பாதையின் பக்கம் சாய்ந்த சுவராயின் யார் வேண்டுமானாலும் எச்சரிக்கலாம். தெருவை நோக்கிச் சாய்ந்து நிற்கும் பட்ட மரத்தையும் நான் அந்தச் சுவரோடு சேர்த்தே பார்க்கிறேன்.

இனி, முனையைப் பிடிப்பது எப்படி? 20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழும் காய் தரைக்கு வர இரண்டே விநாடி. தொடும்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். “ஓடு!” என்று கத்தி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். மட்டையோ நேராக விழாது, காற்றில் சறுக்கிப் பக்கத்துச் சந்தில் போய் விழும். ஆகவே கொல்லையில் காய் பறிக்கும் நாளில் தாய்மார்கள் தம் முற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது. மதிலுக்கு அப்பால் யார் நடக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மரத்தை அடியோடு சாய்ப்பதானால், அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் வேலையாட்களைத் தவிர எவரும் இருக்கலாகாது. இடுப்புயரத்தில் கயிறு கட்டி, பாதையின் இரு முனையிலும் ஒவ்வோர் ஆளை நிறுத்துங்கள். கிளை இழுப்பது, டீ வாங்கி வருவது என்று அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் வெட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும்படி கைச்சாடை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உள்ளே நுழைந்துவிட்டால் முதலில் ரம்பம் நிற்கட்டும், கோபமெல்லாம் பிறகு. ஜும்ஆ நேரமும், பள்ளிக்கூடம் விடும் நேரமும் இந்த வேலைக்கு உரியவை அல்ல. மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தாரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

கயிறு கட்டினால் மட்டும் போதாது, மாற்று வழியும் காட்ட வேண்டும். குடத்தோடு வரும் மூதாட்டி சுற்றுவழி தெரியாவிட்டால் கயிற்றுக்குக் கீழே குனிந்து வரத்தான் செய்வார்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, டெல்டா மாவட்டங்களில் தென்னைகள் கணக்கின்றிச் சாய்ந்தன. விழுந்துவிட்ட மரத்தில் இனி என்ன ஆபத்து என்றே எவருக்கும் தோன்றும். வேரோடு பெயர்ந்த பெரிய மரத்தின் தண்டை அறுத்ததும், பாரம் குறைந்த வேர்க்கட்டி திடீரென்று குழிக்குள் திரும்பி விழக்கூடும். பிள்ளைகள் இறங்கி விளையாட ஆசைப்படும் இடமோ அந்தக் குழிதான்! வளைந்து அழுத்தப்பட்டுக் கிடக்கும் கிளையும் அறுத்தவுடன் சாட்டைபோல் நிமிர்ந்து அடிக்கும்.

ரம்பம் ஓய்ந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள். அறுபட்ட கிளை மற்றொரு கிளையில் மாட்டித் தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகு, தெருவைப் பெருக்குங்கள். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸ் நமக்குத் தெரிந்ததே. அந்த வேம்பின் மீதிக் கிளைகளை மறுவாரம் கழித்தபோது, எங்கள் மோதினார் தெருவை இரண்டு முறை பெருக்கி, செருப்பில்லாமல் ஒரு தடவை நடந்து பார்த்தார். அதன் பிறகுதான் கயிற்றை அவிழ்த்தோம்.