வீட்டுச் செலவும் நஃபகாவின் அளவும்



சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். கணவர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறவர். சம்பளம் எவ்வளவென்று வீட்டில் சொல்வதில்லை. மாதம் பிறந்ததும் 7,000 ரூபாயை மனைவி கையில் கொடுத்துவிட்டால் தம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார். கணவன், மனைவி, மாமியார், பிள்ளைகள் மூவர், ஆக ஆறு பேர். இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு இருப்பதில்லை; மளிகைக் கடையில் பற்று ஏறுகிறது. பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் இருப்பதைத்தான் அவர் உண்கிறார். சில இரவுகளில் அதுவும் இல்லை. கணவரோ சீட்டுக் கட்டுவதையும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் கை நிறையச் செய்வதையும் குறைத்துக்கொள்ளவில்லை. வேறு வழி தெரியாமல் அவருடைய சட்டைப் பையிலிருந்து 200, 300 என்று அவ்வப்போது எடுத்திருக்கிறார் இந்தச் சகோதரி. "ஹஜ்ரத் அவர்களே, இது திருட்டாகுமா? இந்தக் காசில் ஆக்கிய சோற்றைத் தின்றுவிட்டு நான் தொழுகிற தொழுகை கூடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இக்கேள்வியைப் படித்தபோது நமக்கு வெட்கமாக இருந்தது. கேட்க வேண்டியவர் கேட்காமலிருக்க, அஞ்ச வேண்டாதவர் அஞ்சிக்கொண்டிருக்கிறாரே என்ற வெட்கம்.

இதற்கு விடை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே கிடைத்துவிட்டது. அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள் நாயகத்திடம் வந்து, தம் கணவர் கையிறுக்கமானவர், தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை, அவருக்குத் தெரியாமல் எடுத்தாலொழியப் பற்றுவதில்லை என்று முறையிட்டார்கள். உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை முறையான அளவில் எடுத்துக்கொள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கும் ஹதீது இது.

இதில் இரண்டு வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'போதுமானது'. மற்றது, 'முறையான அளவு'. முதலாவது மனைவிக்கு உரிமை கொடுக்கிறது. இரண்டாவது அந்த உரிமைக்கு வரம்பு கட்டுகிறது. அரிசிக்கும் பருப்புக்கும் பிள்ளையின் பாலுக்கும் எடுத்தால் அது அவளுடைய ஹக்கு. வளையலுக்கும் விருந்துக்கும் எடுத்தால் இந்த ஹதீது அவளுக்குத் துணை வராது.

ஆக, வீட்டுச் சாப்பாட்டுச் செலவு என்பது கணவன் மனமிரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பன்று. நஃபகா என்னும் கடமை. அதன் அளவு எவ்வளவு?

நம் நாட்டில் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினரும் உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் மனைவியின் நஃபகாவுக்கு அளவு குறித்தே இருக்கிறார்கள். வசதியுள்ளவன் நாளொன்றுக்கு இரண்டு முத்து, நடுத்தரமானவன் ஒன்றரை முத்து, வசதியற்றவன் ஒரு முத்து. அவ்வூரில் பெரும்பாலோர் உண்ணும் தானியத்தில். ஒரு ஸாவில் நாலில் ஒரு பங்கு ஒரு முத்து. ஃபித்ராவுக்கு நம் பக்கத்தில் ஒரு ஸாவு சுமார் இரண்டரைக் கிலோ அரிசி என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஒரு முத்து 600 கிராமுக்குச் சற்று மேல். இதோடு முடியவில்லை. தானியத்தை அரைக்கும் கூலி, சுடும் செலவு, தொட்டுக்கொள்ள எண்ணெய், குழம்பு, ஊர் வழக்கப்படி இறைச்சி, சமைக்கவும் உண்ணவும் பாத்திரம் இவ்வளவும் கணவன் மீதே என்று நம் ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு பெண் ஒரு நாளில் 600 கிராம் அரிசிச் சோறு உண்பாளா என்று நாம் ஓதுகிற காலத்தில் உஸ்தாதிடம் கேட்டிருக்கிறோம். உண்ணமாட்டாள்தான், ஆனால் அது அவளுக்கு உடைமையாகக் கொடுக்கப்படுவது, மிஞ்சினால் அவளுடையது என்றார்கள். வழக்கப்படி கணவனோடு சேர்ந்து உண்டு வந்தால் அந்த அளவுக் கணக்கு விழுந்துவிடும். கொடுக்காமல் விட்டாலோ, ஷாஃபிஈ மத்ஹபில் அது கணவன் மேல் கடனாக நிற்கும். ஹனஃபீ மத்ஹபில் அளவு என்று தனியே இல்லை. போதுமானது என்பதே அளவு. கணவன் மனைவி இருவருடைய நிலையையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கும், வசதியற்ற தாய் தகப்பனுக்கும் போதுமான அளவு என்பதே இரு மத்ஹபிலும்.

அல்லாஹுத்தஆலாவும் தலாக் அத்தியாயத்தின் 7-ஆம் வசனத்தில் வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும், வாழ்வு சுருக்கப்பட்டவன் தனக்குக் கொடுக்கப்பட்டதிலிருந்தும் செலவிட வேண்டுமென்கிறான். இல்லாதவனிடம் இல்லாததை எவரும் கேட்கவில்லை. ஆனால் எவ்வளவு இருக்கிறதென்று வீட்டாருக்குச் சொல்லாமல் மூடி வைத்துக்கொண்டு, 'ஏன் பற்றவில்லை?' என்று கேட்பதில் நியாயமில்லை. வரவு தெரியாத ஒருத்தி செலவை எப்படி அளப்பாள்?

இது கணவர்களுக்கு. நிற்க, நம் கதையையும் சொல்லிவிடுவதே நேர்மை.

நம் வீட்டிலும் ஆறு பேர்தாம். அரிசி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, கை தாராளமாய்ப் போடுகிறாய் என்று நாமும் மனைவியிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்தாம். ஒரு மாதம் முழுதும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து 3,300 ரூபாய். பால், தேயிலை, சர்க்கரை 2,660. இரவில் கடையில் வாங்கிய பரோட்டாவும் சால்னாவும் ஏழு தடவைக்கு 1,900. பிள்ளைகள் மூவருக்கும் நாளுக்குப் பத்து ரூபாய் வீதம் தின்பண்டப் பாக்கெட் 900. பரோட்டாவை வாங்கி வந்தது யார்? நாம்தாம். இஷாவுக்குப் பிறகு வீடு திரும்பும்போது கையில் ஒரு பொட்டலத்தோடு போனால் பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்ற ஆசை. அரிசிப் பானையைக் குற்றம் சொன்ன நம் வாய் அன்றோடு அடைபட்டது.

எழுதிப் பார்ப்பது பரக்கத்தைக் குறைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு ஆதாரமாக ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் ஹதீதைச் சொல்வார்கள். அவர்களுடைய பரணில் கொஞ்சம் வாற்கோதுமை இருந்தது. நெடுநாள் அதை உண்டுவந்தார்கள். ஒருநாள் அளந்து பார்த்தார்கள், தீர்ந்துவிட்டது. ஆனால் உணவை அளந்துகொள்ளுங்கள், அதில் பரக்கத் உண்டாகும் என்ற கருத்தில் மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதும் அதே புகாரீயில்தான் இருக்கிறது. இரண்டும் மோதுகின்றனவா? மோதவில்லை. வாங்கும்போதும் வீட்டுக்குள் கொண்டுவரும்போதும் அளப்பது ஏவப்பட்டது. இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று பானையைக் குடைந்து பார்த்துக்கொண்டிருப்பது விரும்பப்படாதது என்று விளக்கவுரை இமாம்கள் பொருத்தம் சொல்லியிருக்கிறார்கள். நம் உம்மாமார்கள் உலையில் போடும் அரிசியை ஆழாக்கால் அளந்துவிட்டு, அதிலிருந்து மதரஸாவுக்கென்று ஒரு பிடியை எடுத்துத் தனிச் சட்டியில் போட்டார்களே, அந்தப் பிடி அரிசிப் பழக்கத்தில் கணக்கும் இருந்தது, கொடையும் இருந்தது. வீட்டுக்குப் பாழில்லாத அளவில் மனைவி கொடுக்கும் உணவுக்கு அவளுக்கும் கூலி, சம்பாதித்த கணவனுக்கும் கூலி என்று ஹதீதில் வந்திருப்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

இனி மளிகைக் கடைப் பற்று நோட்டுக்கு வருவோம். இதில் பலரும் கவனிக்காத ஒரு மஸ்அலா இருக்கிறது.

பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்தனுப்புகிறோம். கடைக்காரர் சாமானைக் கொடுத்துவிட்டு எழுதுகிறார். விலை என்னவென்று பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மாதக் கடைசியில் கூட்டிச் சொல்லும்போதுதான் தெரியும். இவ்வாறு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உண்டுவிட்டுப் பிறகு கணக்குத் தீர்ப்பதற்கு ஃபிக்ஹில் 'இஸ்திஜ்ரார்' என்று பெயர். ஹனஃபீ உலமாக்கள் மக்களுடைய தேவையைக் கருதி இதைக் கூடுமென்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விலை பேசாத இவ்வியாபாரத்தைக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்ல, இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இதில் இளக்கம் காட்டினார்கள். எந்த மத்ஹபினராயினும், சாமான் வாங்கும்போதே விலையைக் கேட்டு நோட்டில் எதிரே எழுதி வாங்கிவிட்டால் கருத்து வேற்றுமைக்கே இடமில்லை. மார்க்கமும் பேணப்படும், மாதக் கடைசிச் சண்டையும் இராது.

ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்குச் சற்றுக் கூடுதல் விலை என்று முதலிலேயே ஒரு விலையை முடிவு செய்து விற்பது ஆகும். நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான இமாம்களின் முடிவு இதுவே. ஆனால் தவணை தவறியதற்காக, ஏற்கெனவே நின்ற கடனின் மேல் 'நூற்றுக்கு இவ்வளவு' என்று ஏற்றினால் அது வட்டி. வாங்குபவருக்கும் ஹராம், கொடுப்பவருக்கும் ஹராம். வசதியிருந்தும் கடைக்காரரை இழுத்தடிப்பது அநியாயம் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

தினக்கூலிக்குப் போகும் சகோதரர்களின் சங்கடம் வேறு. அன்றைய கூலி அன்றைக்கு வருவதால் எண்ணெயைச் சிறு பாக்கெட்டாகவும் மிளகாய்த்தூளை ஐந்து ரூபாய்ப் பொட்டலமாகவும் வாங்குகிறார்கள். அளவுக்கு அளவு பார்த்தால் மொத்தமாக வாங்கும் வசதியுள்ளவரைவிட ஏழைதான் அதிக விலை கொடுக்கிறார். ஒரு தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து மாதம் ஒருமுறை பருப்பும் புளியும் மொத்த விலைக் கடையில் எடுத்துப் பங்கிட்டுக்கொண்டால் இந்த நட்டம் நீங்கும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஒரு வருட உணவைச் சேமித்துக் கொடுத்ததாக புகாரீயில் வந்திருக்கிறது. வீட்டுத் தேவைக்கு வாங்கி வைப்பது பதுக்கலாகாது, தவக்குலுக்கு மாற்றமுமாகாது.

ரேஷன் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். இவ்வளவு இருந்தும் அந்தப் பையோடு தெருவில் நடக்கக் கூச்சப்பட்டு, கடனுக்கு உயர்ந்த அரிசி வாங்கும் குடும்பங்களை நாமறிவோம். கடன் வாங்குவதில் இல்லாத கூச்சம் ஹலாலான அரிசியில் ஏன் வந்தது? ஊறவைத்து அரைத்தால் அந்த அரிசியில் இட்லியும் தோசையும் நன்றாகவே வருகின்றன. சிலர் அதை வாங்கி வெளியில் விற்றுவிடுகிறார்கள்; உண்பதற்கென்று தரப்பட்டதை விற்பது சட்டப்படியும் குற்றம்.

தொட்டுக்கொள்வதில் நம் மூதாதையர் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கால் கிலோ எலும்பைப் பருப்பிலும் கத்தரிக்காயிலும் போட்டுத் தால்சா வைத்தால் ஆறு பேர் இறைச்சி மணத்தோடு உண்ணலாம். புளியாணமும் சுட்ட கருவாடும் இருந்தால் ஒரு பொழுது போய்விடும். முருங்கைக் கீரை பல வீட்டுக் கொல்லையில் காசில்லாமல் நிற்கிறது. வீட்டில் காடி தவிர வேறெதுவும் இல்லாதபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதையே நல்ல குழம்பென்று புகழ்ந்து உண்டார்கள். சுரைக்காயைத் தட்டில் தேடி எடுத்து உண்டதை அனஸ் (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆண்பிள்ளை தட்டைப் பார்த்து முகம் சுளிக்காமலிருந்தால் வீட்டுச் செலவில் பெரும்பகுதி தானே குறையும். சுளிக்கிற முகத்துக்குப் பயந்துதான் பல பெண்கள் இறைச்சிக் கடையில் பற்று வைக்கிறார்கள்.

இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற ஹதீதைச் சில ஆண்கள் மனைவியிடம் சொல்லிக் காட்டுகிறார்கள். அது எல்லோரும் ஒரு சஹனைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து உண்ணும்போது உள்ள பரக்கத். ஐவர் உண்டெழுந்த பிறகு ஆறாமவள் சட்டியைச் சுரண்டுவதற்கு அது ஆதாரமாகாது. கருவுற்றவளும் பாலூட்டுகிறவளும் இப்படிக் கடைசியில் உண்பது அவளோடு நிற்பதில்லை, பிள்ளையையும் பிடிக்கிறது.

ரமலானில் பகல் உணவு இல்லை. ஆனால் பல வீடுகளில் மளிகைச் செலவு அந்த மாதத்தில்தான் ஏறுகிறது. பள்ளிவாசலில் கஞ்சி கிடைக்கிறது. அதற்கு மேல் வடை, சமோசா, சர்பத் என்று அடுக்குவது யாருக்காக என்று அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

அந்தச் சகோதரிக்கு நாம் எழுதிய பதில் இதுதான். அரிசிக்கும் பாலுக்கும் எடுத்தது திருட்டன்று; தொழுகைக்கு அதனால் எந்தக் குறைவுமில்லை. ஆனால் இனிமேல் எடுப்பதை நாளும் தொகையும் போட்டு எழுதி வையுங்கள். ஒரு மாத நோட்டைக் கணவர் முன் வைத்து, மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடியாவிட்டால் ஜமாஅத்தில் வயதில் மூத்த ஒருவரைக் கொண்டு சொல்லுங்கள். எடுத்ததில் ஒரு 300 ரூபாய் தம் தங்கை பிள்ளைக்குச் சட்டை வாங்கப் போனதாகவும் அவர் எழுதியிருந்தார். அது மட்டும் நஃபகாவில் சேராது; கணவரிடம் சொல்லி ஹலாலாக்கிக்கொள்ளுங்கள், அல்லது திருப்பி வைத்துவிடுங்கள் என்று எழுதினோம்.