கரையில் காத்திருந்த பையன்

விழிஞ்ஞம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள மீன்பிடி ஊர். ஜூன் மாதம் பிறந்தால் இங்கே இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கும். ஒன்று, பள்ளிக்கூடம் திறக்கும். இன்னொன்று, மீன் சீசன் தொடங்கும்.

மழைக்காலத்தில் மற்ற கரைகளில் அலை பெரிதாக இருக்கும். விழிஞ்ஞம் துறைமுகத்தில் அலை குறைவு. அதனால் பக்கத்துக் கரைகளில் இருந்தும் படகுகள் இங்கே வரும். இரவும் பகலும் ஏலம் நடக்கும். கரை முழுவதும் விளக்கு எரியும். வீட்டில் பெரியவர்களுக்குத் தூக்கம் இருக்காது. பிள்ளைகளை யார் கவனிப்பது?

எங்கள் மையத்தில் படிக்கும் ஓர் அக்காவின் கதையைக் கேளுங்கள்.

அக்கா பிறந்த ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. கல்யாணமாகி விழிஞ்ஞம் வந்தார். மீன் வாங்கி விற்பது அவர் தொழில். மலையாளம் நன்றாகப் பேசுவார். மலையாள எழுத்து தெரியாது. தமிழ் எழுத்தை எங்கள் மையத்தில்தான் கற்றார். கணக்கு நோட்டு எழுதவும் பழகினார். மாமா எந்தத் தேதியில் கடலுக்குப் போனார், எப்போது வந்தார், எவ்வளவு கிடைத்தது என்று தினமும் எழுதி வைப்பார்.

அவர் மகன் நாலாம் வகுப்பு. ஒருநாள் பள்ளியில் இருந்து ஆள் வந்தது. டீச்சர் பார்க்க வேண்டுமாம்.

முன்பெல்லாம் பள்ளிக்கு நாத்தனாரை அனுப்பிவிடுவார். "கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வேன்?" என்ற வெட்கம். இந்த முறை அவரே போனார்.

டீச்சர் வருகைப் பதிவேட்டைக் காட்டினார்.

"இந்த மாதம் உங்கள் மகன் ஒன்பது நாள் வரவில்லை" என்றார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையன் தினமும் பையை எடுத்துக்கொண்டு போகிறானே! கரையில் மீன் சுமந்து காசு வாங்கப் போகிறானோ? வீட்டுக்குப் போய் நாலு அடி கொடுக்க வேண்டும் என்று கோபம் வந்தது.

ஆனால் ஒன்று செய்தார். வராத நாட்களின் தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். பதிவேடு மலையாளத்தில் இருந்தால் என்ன? எண்களை அவரால் படிக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்து தன் கணக்கு நோட்டைப் பிரித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பையன் பள்ளிக்குப் போகாத ஒன்பது நாளும், மாமா கடலில் தங்கிய நாட்கள்!

கோபம் இறங்கியது. மகனை மடியில் உட்கார வைத்தார்.

"மக்களே, அந்த நாளெல்லாம் எங்க இருந்த?"

"கரையிலம்மா."

"என்ன செய்த?"

"அப்பா படகு வருதான்னு பாத்துட்டிருந்தேன்."

அக்காவுக்கு எல்லாம் விளங்கியது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. விழிஞ்ஞம், பூந்துறை, குமரி மாவட்டத்துத் தூத்தூர் என்று இந்தக் கரை நெடுகப் பலர் திரும்பவில்லை. மாமாவின் அண்ணனும் அதில் போனவர். அப்போது பையன் கைக்குழந்தை. ஆனால் காற்று வீசும் ராத்திரிகளில் வீட்டில் அந்தப் பேச்சு வரும். பையன் தூங்கிவிட்டான் என்று நினைத்துப் பேசுவார்கள். அவன் தூங்கவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறான்.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள்?

"பயப்படாதே" என்று சொன்னால் பயம் போகாது. "அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது" என்று சத்தியம் செய்யவும் முடியாது. ஆகவே உண்மையைச் சொன்னார்கள்.

புறப்படும் முன் மாமா மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். எங்கே போகிறேன், எப்போது வருவேன், நேரம் தவறினால் யாருக்குப் போன் வரும் என்று சொல்கிறார். படகில் உள்ள உயிர்காப்பு உடையை மகனுக்குப் போட்டுக் காட்டினார். வானிலை எச்சரிக்கையை அக்கா செய்தித்தாளில் படிக்கிறார். மகனும் கூடப் படிக்கிறான். எச்சரிக்கை உள்ள நாளில் படகு இறங்காது என்று மூவரும் பேசி வைத்தார்கள்.

டீச்சரிடமும் அக்கா விஷயத்தைச் சொன்னார். இப்போது மாமா கரை சேர்ந்ததும் பள்ளிக்குப் போன் போகிறது. டீச்சர் பையனிடம் சொல்கிறார். அடுத்த மாதம் அவன் இரண்டு நாள்தான் விடுப்பு எடுத்தான். அந்த இரண்டு நாளும் காய்ச்சல்.

நமக்குப் படிப்பு குறைவு. பிள்ளைக்கு எப்படி உதவுவது?

இதுதான் பல பெற்றோரின் கேள்வி. பாடம் சொல்லித்தர டீச்சர் இருக்கிறார். வீட்டில் செய்ய வேண்டிய வேலை வேறு.

கேளுங்கள். அக்கா தினமும் மகனை வாசிக்கச் சொல்கிறார். அவன் மலையாளப் பாடத்தைப் படிக்கிறான். "இது என்ன எழுத்து? எனக்குச் சொல்லிக்கொடு" என்கிறார். விழிஞ்ஞம் என்ற பெயரில் உள்ள 'ழ' இரண்டு மொழியிலும் உண்டு. மகன் மலையாள 'ழ' எழுதுகிறான். அம்மா தமிழ் 'ழ' எழுதுகிறார். அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதற்காகவே பையன் கவனமாகப் படிக்கிறான்.

தொழில் கணக்கைச் சொல்லுங்கள். "ஒரு கூடை அயிலை 1,200 ரூபாய்க்கு ஏலம் எடுத்தேன். ஐசுக்கு 50 ரூபாய். ஆட்டோவுக்கு 150 ரூபாய். 1,700 ரூபாய்க்கு விற்றேன். மிச்சம் எவ்வளவு?" இது பாடப்புத்தகக் கணக்குக்குக் குறைந்ததா?

அப்பாவின் அறிவும் பாடமே. கடலுக்கு அடியில் உள்ள பாரைக் கண்டுபிடிக்க நம் மீனவர்கள் கரை அடையாளங்களைப் பார்க்கிறார்கள். கலங்கரை விளக்கத்தை ஒரு மலையோடு நேராக வைப்பார்கள். கோயிலை வேறொரு மரத்தோடு நேராக வைப்பார்கள். இரண்டு கோடும் சேரும் இடத்தில் பார் இருக்கும். இதற்குக் கணிச்சம் என்று பெயர். பள்ளியில் படிக்கும் கோட்டுக் கணக்கு இதுதான். அப்பா தரையில் வரைந்து காட்டட்டும்.

தூங்க விடுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். சீசன் காலத்தில் வீடு விழித்திருந்தாலும், பிள்ளை படுக்க ஒரு மூலையை இருட்டாக வையுங்கள். டிவியையும் போனையும் அணையுங்கள்.

அடிக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பெறுவது பிள்ளையின் உரிமை என்றும் சொல்கிறது. அடிக்கு வீட்டிலும் பலன் இல்லை. அக்கா அன்று அடித்திருந்தால் பையன் வாய் திறந்திருப்பானா?

பள்ளிக்குப் போங்கள். கூப்பிட்டால்தான் போக வேண்டும் என்று இல்லை. மாதம் ஒரு முறை போய் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் வந்தான்? வகுப்பில் எப்படி இருக்கிறான்? பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.

"இந்த வயதில் நான் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்பார்கள். ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-இல் எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். விழிஞ்ஞத்து அக்கா தேர்வு எதுவும் எழுதவில்லை. ஒரு கணக்கு நோட்டு எழுதினார். அந்த நோட்டுதான் மகன் மனதில் இருந்ததை அவருக்குக் காட்டியது.

கலந்து பேசுவோம்

1. அக்கா மகனை ஏன் அடிக்கவில்லை?
2. உங்கள் வீட்டில் பிள்ளைகள் காதில் விழும்படி என்னென்ன பேசுகிறீர்கள்?
3. உங்கள் தொழிலில் உள்ள எந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லலாம்?

எழுதிப் பழகுவோம்

அயிலைக் கணக்கில் மிச்சம் ______ ரூபாய்.

என் பிள்ளை இந்த மாதம் பள்ளிக்குப் போன நாட்கள் ______.

போகாத நாட்கள் ______. காரணம் ____________.

செய்வோம்

இன்று இரவு உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்தப் பாடத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள். அவன் பாடத்தை அவன் படிக்கட்டும். நீங்கள் கேளுங்கள்.