உங்கள் படமும் உங்கள் கைநாட்டுத்தான்



நம்முடைய பெரியவர்கள் வாசிக்கத் தெரியாத காலத்தில் காட்டிய இடத்தில் எல்லாம் கைநாட்டு வைத்தார்கள். வெற்றுக் கடுதாசியில் வைத்த கைநாட்டுக்கு மேலே வட்டிக்காரர் என்ன எழுதிக் கொண்டாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. இன்று அப்படி இல்லை. யாராவது வெற்றுத்தாளை நீட்டினால், "எதுக்குங்க ஐயா?" என்று கேட்காமல் ஒருவரும் விரல் வைக்க மாட்டார்கள். ஆனால் அதே ஆட்களிடம் முகம் தெரியாத ஒருவர் வட்ஸ்அப்பில், "ஐ.சி. ரெண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க, உங்க முகத்தையும் சேர்த்து ஒண்ணு எடுங்க" என்று சொன்னால், மறு பேச்சு இல்லாமல் அனுப்பி விடுகிறார்கள். இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அடையாள அட்டையின் படமும் உங்கள் முகப் படமும் சேர்ந்து இன்னொருவர் கைக்குப் போனால், அது வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டுக்குச் சமம். உங்கள் பெயரில் அவர் கடன் கேட்கலாம், சிம் எடுக்கப் பார்க்கலாம், பொய்க் கணக்குத் திறந்து அடுத்தவரை ஏமாற்றலாம். காசை இழந்தவர் பொலிசுக்குப் போகும்போது அங்கே சொல்வது உங்கள் பெயரையும் உங்கள் நம்பரையும்தான்.

நமக்கு இந்த அட்டை லேசில் கிடைத்ததல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் வந்த ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்தது. மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இழுபட்டது. அட்டை இல்லாமல் அலைந்து திரிந்தவர்கள் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் அதன் பெறுமதியைச் சொல்வார்கள்.

"வெறும் நம்பர்தானே சேர், அதுல என்ன இருக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த நம்பரில் நிறைய இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும், அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500ஐக் கூட்டிப் போடுவார்கள். ஆகவே 82534 என்று ஒரு நம்பர் தொடங்கினால், அவர் 1982ஆம் வருஷத்தில் 34ஆவது நாள், அதாவது பெப்ரவரி 3ஆம் திகதி பிறந்த பெண் என்று அர்த்தம். 2016 முதல் கொடுக்கப்படும் அட்டைகளில் 12 இலக்கம். அதில் வருஷம் நான்கு இலக்கத்தில் முழுசாகவே இருக்கும், நாள் கணக்கு அதேதான்.

இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவன் போன் எடுத்து, "அம்மா, நீங்க எண்பத்திரெண்டு பெப்ரவரி மூணாந் திகதி பிறந்தவங்கதானே? பேங்கில இருந்து பேசுறோம்" என்று ஆரம்பிக்கிறான். கேட்பவருக்கு மனம் உடனே இளகி விடுகிறது. பிறந்த திகதியைச் சரியாகச் சொல்கிறாரே, பேங்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அடுத்து அஸ்வெசும காசு வந்திருக்கிறது, இ.பி.எப். காசு வந்திருக்கிறது என்பான். போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லச் சொல்வான். அதைச் சொன்னவுடன் கணக்கில் உள்ள காசு போய்விடும், அல்லது உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் படத்தோடு, உங்கள் பெயரிலேயே, குவைத்தில் இருக்கும் தங்கச்சிக்கு "அவசரம், இருபதாயிரம் போடு" என்று செய்தி போகும். பிறந்த திகதியைச் சொன்னான் என்பது எதற்கும் அத்தாட்சி அல்ல. உங்கள் அட்டை நம்பர் அவனிடம் இருக்கிறது என்பது மட்டுமே அதில் தெரிய வேண்டியது. போனுக்கு வந்த அந்த இலக்கத்தை எந்த பேங்க்காரரும் உங்களிடம் கேட்க மாட்டார்.

இப்போது தோட்டங்களில் அதிகம் காணப்படுவது போன் கடன். மாசக் கடைசி, கையில் காசில்லை, பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டும். பேஸ்புக்கில் "ஐந்து நிமிடத்தில் கடன், பிணை தேவையில்லை" என்று விளம்பரம் வருகிறது. அதைத் தட்டினால் ஒரு செயலி போனுக்குள் இறங்கும். அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லும். பிறகு போனில் உள்ள பெயர், நம்பர் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும், படங்களைப் பார்க்கவும் அனுமதி கேட்கும். நம் ஆட்கள் வாசிக்காமலேயே "சரி, சரி" என்று அழுத்திக்கொண்டு போவார்கள். கேட்ட காசு முழுசாக வராது, கட்டணம் என்று பிடித்துக்கொண்டு மிச்சம்தான் வரும். தவணையும் மிகவும் குறுகியது. ஒரு நாள் பிந்தினாலும் உங்கள் அட்டைப் படத்தின் மேல் "கள்ளி", "மோசடிக்காரி" என்று எழுதி, போனில் உள்ள கங்காணி, டீச்சர், சம்பந்தி வீட்டார் என்று எல்லோருக்கும் அனுப்புவார்கள். செயலியை அழித்துவிட்டால் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். அழிப்பது நல்லதுதான், ஆனால் ஏற்கனவே எடுத்துப்போன நம்பர்களும் படங்களும் அதனால் திரும்பி வராது. கடன் தருகிறவர் அனுமதி பெற்ற நிறுவனமா என்று சந்தேகம் இருந்தால், கடன் வாங்குவதற்கு முன்பே மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்குப் பேசிக் கேளுங்கள்.

வெளிநாட்டு வேலை என்று சொல்லிப் பாஸ்போட் பிரதி, முழு உயரப் படம், முற்பணம் வாங்குகிறவர்களும் இதே வகைதான். முகவர் பதிவு உள்ளவரா என்பதை வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்குப் பேசி அறியலாம். இன்னொரு கூட்டம், "உங்க பேர்ல ஒரு பேங்க் கணக்குத் திறந்து கார்டைத் தாங்க, மாசாமாசம் காசு தாறோம்" என்று இளம் பிள்ளைகளைப் பிடிக்கிறது. ஏமாற்றிப் பறித்த காசு அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரை.

அடுத்தது சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நம்முடைய பகுதியில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை. கோயில் திருவிழாவுக்குச் சேலை கட்டி எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டிருந்தாள். யாரோ அதில் முகத்தை மட்டும் எடுத்து, உடுப்பில்லாத இன்னோர் உடம்பில் பொருத்தி, அவளுக்கே அனுப்பினார்கள். "பத்தாயிரம் போடு, இல்லாட்டி ஒங்க தோட்டம் முழுக்க அனுப்புவோம்." இந்த வேலையை இப்போது கம்பியூட்டரே நிமிஷத்தில் செய்து கொடுக்கிறது. பார்ப்பவருக்குப் பொய் என்று தெரியாது. பிள்ளை அம்மாவின் தோட்டை அடகு வைத்து ஒரு தரம் காசு போட்டாள். அடுத்த கிழமை இருபதாயிரம் கேட்டார்கள். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை. வீட்டில் சொல்லாததற்கு அவள் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அப்பா போனைப் பறிச்சுப் படிப்பையும் நிப்பாட்டிருவாரு."

பெற்றோர்களே, இந்த இடத்தில் உங்களிடம்தான் பேசுகிறேன். களவு கொடுத்த வீட்டுக்காரனை யாராவது அடிப்பார்களா? பிள்ளையின் படத்தைத் திருடியவன் எங்கோ இருக்க, நாம் பிள்ளையை அடிக்கிறோம். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். வீட்டில் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் காசு கேட்கிறான். உண்மையாகவே ஒரு பிள்ளை யாரையாவது நம்பி அந்தரங்கப் படம் அனுப்பியிருந்தாலும், அதைக் காட்டி மிரட்டிக் காசு பறிப்பது நம் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றம். குற்றவாளி மிரட்டியவன்.

ஆண் பிள்ளைகளும் இதில் மாட்டுகிறார்கள். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி வீடியோ அழைப்பில் வருவாள், உடுப்பைக் கழற்றச் சொல்வாள், இவன் செய்வதை அந்தப் பக்கம் பதிவு செய்து கொள்வார்கள். பெண் பிள்ளையாவது அழுது காட்டிவிடும். பையன் ஒருவரிடமும் வாய் திறக்க மாட்டான். பையன் திடீரென்று எல்லோரிடமும் கடன் கேட்டால், வாசலுக்கு வராமல் காம்பராவுக்குள்ளேயே கிடந்தால், ஏசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

மிரட்டல் வந்தால் காசு கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். பதட்டத்தில் செய்திகளை அழித்துவிடவும் வேண்டாம். வந்த செய்தி, அவன் நம்பர் அல்லது பேஸ்புக் பெயர், காசு போடச் சொன்ன கணக்கு நம்பர், திகதி எல்லாம் தெரியும்படி படம் பிடித்து வைத்த பிறகு அவனைத் தடை செய்யுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 1929க்குப் பேசுங்கள். பெண்களுக்கு 1938 இருக்கிறது. பேஸ்புக், வட்ஸ்அப் சம்பந்தமான உதவிக்கு இலங்கை கம்பியூட்டர் அவசர உதவிப் பிரிவின் இலக்கம் 101. அந்தரங்கப் படம் பரவுவதைத் தடுக்க 2021இல் தொடங்கிய 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.' என்ற சேவையும் உண்டு. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் இரகசிய இலக்கம் போட்டு, அந்த இலக்கத்தை மட்டும் பேஸ்புக் போன்ற கம்பனிகளுக்குக் கொடுக்கும். அதே படத்தை அங்கே யாராவது ஏற்றினால் கண்டுபிடித்து நிறுத்த அது உதவும். 18க்குக் குறைந்தவர்களுக்கு இதே மாதிரி 'டேக் இட் டவுன்' என்று ஒன்று இருக்கிறது.

முன்கூட்டியே செய்யக் கூடியவை பெரிய வேலை இல்லை. வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி என்று போய், உங்கள் படத்தை நீங்கள் பதிந்து வைத்திருக்கும் ஆட்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றலாம். அக்கவுண்ட் என்ற இடத்தில் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்று இருக்கும். அங்கே ஆறு இலக்கத்தில் சொந்தமாக ஒரு பூட்டுப் போடலாம். பிறந்த வருஷத்தைப் போட வேண்டாம், ஏன் என்று மேலே பார்த்தோம். பேஸ்புக்கில் படங்களை நண்பர்கள் மட்டும் பார்க்க விடுங்கள், நண்பர் பட்டியலையும் மறைத்து விடுங்கள். பட்டியல் தெரிந்தால்தான் உங்கள் பெயரில் பொய்க் கணக்குத் திறந்து உங்கள் ஆட்களுக்கே வலை போட முடியும். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிஷத்தில் செய்து தரும்.

டவுனில் கொமினிகேஷன் கடைக்கு அட்டையைப் போட்டோப் பிரதி எடுக்கப் போகிறோம். சரியாக விழாத பிரதியை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். கொடுக்கும் பிரதியின் குறுக்கே "பேங்க் கணக்குக்கு மட்டும்" என்று காரணத்தையும் திகதியையும் பேனையால் எழுதிக் கொடுங்கள். பிறகு அதை வேறு எதற்கும் பாவிப்பது கஷ்டம். போன் உடைந்து திருத்தக் கொடுத்தால் முடிந்தவரை பக்கத்திலேயே நின்று திருத்தி வாங்குங்கள். விட்டுவிட்டு வரத்தான் வேண்டும் என்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு வாருங்கள்.

பொலிசுக்குப் போகும்போது படம் பிடித்து வைத்ததன் பிரதியையும் உங்கள் அட்டையையும் கொண்டுபோங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாசித்து விளங்காத ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டாம். பெண் பிள்ளை என்றால் பெண் உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாங்கி வையுங்கள். பிறகு உங்கள் பெயரில் கடன் இருக்கிறது என்று யாராவது வந்தால் அந்தத் துண்டு உதவும்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், கூட வருவோம். எங்களிடம் அந்தப் படத்தைக் காட்டத் தேவையில்லை. மிரட்டல் செய்தியை மட்டும் காட்டினால் போதும்.