நிழற்குடைக்குச் செல்லும் வழி

மூணாறு, தேவிகுளம், மறையூர்ப் பகுதிகளிலும், பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, முதலமடை, மீனாட்சிபுரம் பகுதிகளிலும் வங்கிப் பணி புரிவோருக்கு நன்கு பழகிய காட்சி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் ஓய்வூதியம் பெற வரும் முதியவர்கள் நண்பகலுக்குப் பின்னரே கிளைக்குள் நுழைவார்கள். கேட்டால், பேருந்து சரியான நேரத்தில்தான் வந்தது என்பார்கள். வீட்டிலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரை வந்து சேர்வதில்தான் தாமதம். சேறு, வழுக்குப் பாறை, பெருக்கெடுத்த ஓடை, நடப்பதற்கு விளிம்பே இல்லாத நெடுஞ்சாலை ஆகியவற்றைக் கடந்து அவர்கள் வர வேண்டும்.

இப்பகுதிகளில் பயணியர் நிழற்குடைகளுக்குக் குறைவில்லை. நிதி அளித்தவரின் பெயரைப் பொறிக்க அதில் இடம் இருக்கிறது. ஆகவே நிதியும் எளிதில் கிடைக்கிறது. அந்த நிழற்குடைக்குச் செல்லும் ஐந்நூறு மீட்டர் நடைபாதைக்குப் பெயர்ப்பலகை இல்லை. பெரும்பாலும் நிதியும் இல்லை. இதற்குப் பணப் பற்றாக்குறையே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், பணம் பல பைகளில் இருக்கிறது. ஒவ்வொரு பைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதை அறியாமல் எழுதப்படும் மனு, மேசைக்கு மேசை நகர்ந்து ஓய்ந்துவிடுகிறது. அந்தப் பைகளையும் நிபந்தனைகளையும் இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

இடுக்கி மாவட்டத்தின் எடமலைக்குடி, 2010ஆம் ஆண்டில் உருவான கேரளத்தின் முதல் பழங்குடியினர் கிராமப் பஞ்சாயத்து. முதுவர் குடிகள் காட்டுக்குள் சிதறி அமைந்துள்ள ஊர் அது. நோயுற்றவர்களைத் துணியும் மூங்கிலும் கொண்டு கட்டிய தொட்டிலில் வைத்து, மலைப்பாதையில் தோள்மாற்றிச் சுமந்து வாகனம் நிற்கும் இடத்திற்குக் கொண்டுவந்த செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். பஞ்சாயத்து என்ற அமைப்பு வந்த பின்னும் அதன் அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்திலிருந்தே இயங்கியது. நிர்வாகம் வந்துவிட்டது; பாதை வரவில்லை.

மற்றொன்று பாலக்காடு மாவட்டத்தின் முதலமடைப் பஞ்சாயத்து. இங்குள்ள பறம்பிக்குளம் காட்டுப் பகுதியில் தேக்கடி என்றொரு குடியிருப்பு இருக்கிறது. குமுளிக்கு அருகிலுள்ள தேக்கடி வேறு, இது வேறு. இங்கு வாழும் பழங்குடி மக்கள் தங்கள் பஞ்சாயத்து அலுவலகத்திற்குச் செல்லத் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, நெடுந்தொலைவு சுற்றிவர வேண்டியிருந்தது. காட்டின் வழியே செம்மணாம்பதிக்குப் பாதை அமைந்தால் சில கிலோமீட்டர் தொலைவே. பல ஆண்டுகள் கோரிக்கை வைத்துச் சலித்த அவர்கள், 2020 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தித் தாங்களே பாதை வெட்டத் தொடங்கினார்கள். அதன் பின்னரே அந்தப் பாதை பரவலான கவனத்தைப் பெற்றது.

முதற்கேள்வி: நிலம் யாருடையது?

கடன் கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் சொத்து ஆவணத்தைக் கேட்பது போல, பாதை கேட்டுச் செல்வோரிடம் அரசு முதலில் கேட்பது நிலத்தின் உரிமையை. இந்த எல்லைப் பகுதிகளில் நிலம் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

பஞ்சாயத்து நிலம் எளிதானது. பாதை பஞ்சாயத்தின் சொத்துப் பதிவேட்டில் இருந்தால் அதற்குச் செலவிடத் தடையில்லை. பதிவேட்டில் இல்லாத ஒற்றையடிப் பாதை, நூறாண்டுப் பழமை உடையதாயினும், கணக்கின் கண்ணுக்குத் தெரியாது.

தோட்ட நிலம் அடுத்தது. லயன் வீடுகளிலிருந்து சாலைக்கு வரும் வழிகள் பெரும்பாலும் தேயிலை அல்லது ஏலத் தோட்டத்தின் கைவசம் உள்ள நிலத்தில் செல்கின்றன. உரியவர் அந்தத் துண்டை எழுத்து மூலம் பஞ்சாயத்துக்கு விட்டுக்கொடுத்தாலன்றிப் பொதுப்பணத்தை அங்கே செலவிட இயலாது. குத்தகை நிலமாயின் குத்தகைதாரரின் கையொப்பம் மட்டும் போதாது. மூணாறு வட்டாரத்தில், 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்திற்குப் பின் எது அரசு நிலம், எது தோட்டத்திற்கு உரியது என்பதை வருவாய்த் துறை ஆவணத்தில் பார்த்துத் தெளிவதே முறை.

மூன்றாவது வன நிலம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இங்கே பெருந்துணை. அதன் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராமசபையின் பரிந்துரை வேண்டும். ஒரு சிறு கணக்கு: 1 ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 3 மீட்டர் அகலத்தில் 3 கிலோமீட்டர் பாதை போட்டால் 9,000 சதுர மீட்டர், வரம்புக்குள் அடங்கும். அகலத்தை 4 மீட்டராக்கினால் 12,000, வரம்பைத் தாண்டிவிடும். அகலத்தில் பேராசை கொண்டால் பாதையே கைவிட்டுப் போகும்.

நான்காவது நெடுஞ்சாலை மற்றும் ரயில்வே நிலம். கொச்சி, மூணாறு, போடிமெட்டு வழியே தொண்டி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85இன் ஓரத்தில் பஞ்சாயத்து தானாக நடைபாதை அமைக்க முடியாது. நெடுஞ்சாலைத் துறையின் இசைவு வேண்டும். ரயில் பாதையைக் கடக்கும் நடைமேம்பாலத்தைப் பிற அமைப்புகள் கோரினால், செலவை முன்கூட்டியே ரயில்வேயிடம் கட்டி, அதன் பொறியாளர்கள் வழியாகவே செய்விக்கும் முறை உண்டு.

இரண்டாம் கேள்வி: எந்தப் பை?

கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு அளிப்பது என்ற முடிவோடு வந்தது. இன்றும் உள்ளாட்சிக்கு வரும் பணம் மூன்று பிரிவானது: வளர்ச்சி நிதி, பராமரிப்பு நிதி, பொதுநோக்க நிதி. புதிய நடைபாதை வளர்ச்சி நிதிக்கு உரியது. இருக்கும் பாதையைச் செப்பனிடுவது பராமரிப்பு நிதிக்கு உரியது. அதிலும் சாலைக்கெனத் தனிப் பகுதி உண்டு. வளர்ச்சி நிதிக்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கான ஒதுக்கீடு தனியே நிற்கிறது. பழுதுபார்ப்பை வளர்ச்சி நிதியில் கேட்பதும், பழங்குடிக் குடியிருப்பின் பாதையைப் பொது ஒதுக்கீட்டில் கேட்பதும் வரிசையின் கடைசியில் போய் நிற்பதற்கு ஒப்பாகும்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என வகுக்கப்பட்டது. இதில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் செல்ல வேண்டும். உறுப்பினர் பரிந்துரைப்பார், ஒப்புதல் அளிப்பது மாவட்ட நிர்வாகம். உருவாகும் சொத்து பொதுமக்கள் பயன்பாட்டில் இருக்க வேண்டும்.

பெரிய பாலங்களுக்கு வேறொரு பை உண்டு. அதில் நம் வைப்புத் தொகைக்கும் பங்கு இருக்கிறது. வங்கிகள் தம் கடன்களில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைகளுக்கு வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த இலக்கை எட்டாத வங்கிகள், குறைந்த தொகையை நபார்டு வங்கியின் நிதிகளில் வைப்பாகச் செலுத்துகின்றன. அவற்றுள் முதன்மையானது 1995-96இல் தொடங்கிய ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி. அதிலிருந்து மாநில அரசுகள் ஊரகச் சாலை, பாலம் முதலியவற்றுக்குக் கடன் பெறுகின்றன. 2 ஆண்டு தவணைச் சலுகை உட்பட 7 ஆண்டுகளில் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். தனிப்பட்ட ஊர் நேரடியாக நபார்டை அணுக முடியாது. மாநிலத் துறையின் பட்டியலில் இடம்பெறுவதே வழி.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் மறக்க வேண்டா. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் பட்டியலில் ஊரக வளர்ச்சியும் இருக்கிறது. தோட்டத்தை ஒட்டிய பாதைக்கு அந்த நிறுவனத்தையே அணுகினால், நிலமும் நிதியும் ஒரே பேச்சில் முடியக்கூடும்.

ஓடையைக் கடக்கும் கணக்கு

கர்நாடகத்தின் சுள்ளியாவைச் சேர்ந்த பொறியாளர் கிரீஷ் பாரத்வாஜ், 1989இல் அரம்பூரில் பயஸ்வினி ஆற்றின் மீது தம் முதல் தொங்குநடைப்பாலத்தை அமைத்தார். அதன்பின் கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களைக் குறைந்த செலவில் கட்டினார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வாகனம் செல்லாத பாலத்தால் என்ன வருவாய் என்று கேட்போருக்கு, நிகரகுவா நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று விடை தருகிறது. 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, நடைப்பாலம் இல்லாத ஊர்களில் வெள்ளக் காலத்தில் மக்களின் கூலி வருவாய் 18 விழுக்காடு குறைந்தது. பாலம் உள்ள ஊர்களில் அந்தச் சரிவு மறைந்தது. ஆற்றைக் கடக்க முடியாத நாள் கூலியில்லாத நாள் என்பதை நம் தோட்டத் தொழிலாளரும் அறிவர்.

ஒரு பாதை, நான்கு துண்டுகள்

விளக்கத்திற்காக ஒரு பாதையைக் கற்பனை செய்வோம். குடியிருப்பிலிருந்து நிறுத்தம் வரை 500 மீட்டர். முதல் 200 மீட்டர் பஞ்சாயத்துப் பாதை. அடுத்து ஓர் ஓடை. பின் 150 மீட்டர் தோட்ட நிலம். கடைசி 150 மீட்டர் நெடுஞ்சாலை ஓரம். இதை ஒரே மனுவில் ஒரே அலுவலகத்தில் கேட்டால், தோட்ட நிலத்தின் சிக்கல் முழுக் கோப்பையும் முடக்கிவிடும். துண்டு துண்டாகப் பிரித்தால், முதற்பகுதி பராமரிப்பு நிதியில் இந்த ஆண்டே முடியலாம். ஓடைக்கான நடைப்பாலத்தைத் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்கலாம். தோட்டப் பகுதிக்கு நில ஒப்படைப்புப் பேச்சை உடனே தொடங்கலாம். நெடுஞ்சாலைப் பகுதிக்குத் துறைக்குத் தனி மனு அளிக்கலாம். அந்த மனுவில், தடையற்ற நடைபாதைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த குறைந்த அகலம் 1.8 மீட்டர் என்பதையும், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியதையும் குறிப்பிடலாம்.

செய்ய வேண்டியவை

1. பாதையை நடந்து அளந்து, துண்டுவாரியாக நில உரிமையைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடுகள், எத்தனை மாணவர்கள், எத்தனை முதியவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

2. கிராமசபையில் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். கேரளத்தில் கிராமசபை வார்டு அளவில், மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் கூட வேண்டும்; வாக்காளரில் 10 விழுக்காட்டினர் வந்தால்தான் அது செல்லும். ஆகவே அயலாரையும் அழைத்துச் செல்லுங்கள்.

3. மலையாளத்தில் எழுத இயலாமை தடையாக வேண்டா. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுத இடம் அளிக்கிறது.

4. பயனாளிகள் குழு வழியாகப் பணி நடந்தாலோ, ஊரார் பங்குத்தொகை திரட்டினாலோ, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். குழுவின் தீர்மானம், கணக்கை இயக்குவோருக்கு அளித்த அதிகாரக் கடிதம், அவர்களின் அடையாளச் சான்றுகள், நிரந்தரக் கணக்கு எண் அல்லது படிவம் 60 ஆகியவை வேண்டும். இருவர் கூட்டாகக் கையொப்பமிடும் முறையே நல்லது. தனிநபர் கணக்கில் ஊர்ப்பணத்தைப் போடுவது, நேர்மையானவருக்கும் பழியைத் தேடித்தரும்.

5. பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெறுங்கள். தொங்குபாலத்தின் கம்பிவடம் துருப்பிடிக்கும். படிக்கட்டில் பாசி படியும். திறப்பு விழாவுக்கு வருவோர் பலர். பாசி சுரண்ட வருவோர் யார் என்பது அன்றே தெரிய வேண்டும்.

பேருந்தையே அருகில் அழைக்கலாமா?

சில ஊர்களில் பாதையை நீட்டுவதைவிடப் பேருந்தை உள்ளே கொண்டுவருவது எளிது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டம் கொல்லயில் பஞ்சாயத்தில் தொடங்கிய ‘கிராம வண்டி’த் திட்டத்தில், எரிபொருள் செலவை உள்ளாட்சி ஏற்கிறது; பேருந்தும் பணியாளரும் கழகத்தின் பொறுப்பு. ஆனால் எரிபொருள் செலவு மாதந்தோறும் வரும். பாதைச் செலவு பெரும்பாலும் ஒருமுறைதான். இரண்டையும் ஒப்பிட்டே பஞ்சாயத்து முடிவெடுக்க வேண்டும்.

வங்கியில் ஒரு கணக்கு தொடங்குவதால் மட்டும் அதன் பயன் கைக்கு வருவதில்லை. ஓய்வூதியம், கல்விக் கடன், மருத்துவக் காப்பீடு என எதுவாயினும், அதற்கு உரியவர் நடந்து வந்து பேருந்தில் ஏறிய பின்னரே அது அவருக்குப் பயன்படுகிறது. உங்கள் வீட்டிலிருந்து நிறுத்தம் வரையுள்ள வழியை இந்த வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். அடுத்த கிராமசபைக்கு எடுத்துச்செல்ல வேண்டிய தாள் அதிலிருந்து தொடங்கும். குழுக் கணக்கு தொடங்க வரும்போது, அதற்குரிய படிவங்களை நிரப்பத் துணைசெய்ய எங்கள் கிளை அலுவலர்கள் காத்திருக்கிறார்கள்.