பருப்பு உடம்பில் ஒட்டுமா?

கேள்வி: நாங்கள் சைவம். 22 வயது மகன் ஜிம்முக்குப் போகிறான். "செடி கொடியிலிருந்து வரும் புரதம் பாதிதான் உடம்பில் சேரும், மீதி அப்படியே வெளியே போய்விடும்" என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அவித்துக் கொடுக்கும் சுண்டலை இப்போது தொடுவதில்லை. "வயிறு உப்புதே, செரிக்கலைன்னுதானே அர்த்தம்?" என்று என்னையே மடக்குகிறான். மாதம் மூவாயிரம் ரூபாய்க்குப் பவுடர் வாங்கித் தரச் சொல்கிறான். பாதிதான் சேரும் என்பது உண்மையா மேடம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் வயிற்று உப்புசத்தைப் பேசி முடித்துவிடலாம். கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, யாருக்குமே கிடையாது. அதனால் அவை சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவை வெளிவிடுகின்றன. வாயுவுக்கு முக்கியக் காரணம் இந்தச் சர்க்கரைகளே, புரதம் அல்ல. வயிறு உப்பிய அன்றும் சுண்டலின் புரதத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டிருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் இந்தச் சர்க்கரைகள் கணிசமாகக் குறையும். பழக்கமில்லாத வயிறு என்றால் கொஞ்சமாகத் தொடங்கி, சில வாரங்களில் அளவைக் கூட்டலாம்.

இனி அந்தப் 'பாதி' கணக்கு. அது முழுப் பொய்யும் அல்ல, அப்படியே நம்பக்கூடியதும் அல்ல.

நாம் தின்னும் புரதத்தை இரைப்பையில் அமிலமும் பெப்சினும் உடைக்கத் தொடங்குகின்றன. கணையத்திலிருந்து வரும் ட்ரிப்சின் முதலிய நொதிகள் இன்னும் சின்னதாக நறுக்குகின்றன. கடைசியில் அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துணுக்குகளாகவும் சிறுகுடல் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்பதை வெகுகாலமாக மலத்தை வைத்துத்தான் அளந்தார்கள். தின்ற நைட்ரஜனில் மலத்தில் எவ்வளவு வந்தது என்று பார்த்து, மீதியைச் செரித்ததாக எழுதிக்கொள்வார்கள். அந்த முறையில் முட்டைக்கு 97, பாலுக்கு 95, அரிசிக்கு 88, பீன்ஸ் வகைகளுக்கு 78 சதவீதம் என்று வந்தது. உலக அமைப்புகளின் அட்டவணைகளில் பல ஆண்டுகள் இந்த எண்கள்தாம் இருந்தன.

இதில் ஒரு ஓட்டை உண்டு. சிறுகுடல் விட்டுவைத்த புரதத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்துவிடுகின்றன. மலத்தில் அது குறைவாகத் தெரியும். ஆனால் அந்த அமினோ அமிலங்கள் நம் உடம்புக்கு வந்து சேர்ந்திருக்காது. அதனால்தான் 2013-இல் வெளியான உலக உணவு வேளாண்மை அமைப்பின் அறிக்கை, சிறுகுடல் முடியும் இடத்தில் அளக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சொல்வது சுலபம். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் குடலுக்குள் குழாய் விட்டு அளக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

இதற்கு ஒரு நல்ல வழியைப் பயன்படுத்தியவர்கள் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள். பயறுச் செடிகளுக்குக் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) பாய்ச்சி வளர்த்தார்கள். அதனால் விளைந்த பயறின் புரதத்திலேயே அடையாளம் பதிந்துவிட்டது. அதைச் சமைத்து, எவ்வளவு செரிக்கும் என்று தெரிந்த, வேறுவகை அடையாளமிட்ட ஸ்பைருலினா என்ற பாசியின் புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு ரத்தத்தில் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தார்கள். குழாய் தேவைப்படவில்லை. 2018-க்குப் பிறகு வந்த இந்த ஆய்வுகளில் முட்டையும் கோழிக்கறியும் 90 சதவீதத்தை ஒட்டி நின்றன. அரிசி 80-க்குச் சற்றுக் கீழே. கொண்டைக்கடலை ஓர் ஆய்வில் 57, இன்னொன்றில் 75. தோலோடு வேகவைத்த பாசிப்பயறு 60-களை ஒட்டி. அதே பயறைத் தோல் நீக்கிக் கொடுத்தபோது சுமார் 10 புள்ளிகள் ஏறியது.

ஜிம்மில் சொன்னவர் இந்த எண்களில் மிகக் கீழானதைக் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் உங்கள் மகன் நாள் முழுக்கத் தோலுள்ள பயறு மட்டும் தின்பவன் இல்லையே. 65 கிலோ எடையுள்ள, வழக்கமான வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு, இட்லி எல்லாமாக அரிசி 350 கிராம், பருப்பு 60 கிராம், பாலும் தயிரும் அரை லிட்டர், நிலக்கடலை 30 கிராம். மொத்தப் புரதம் சுமார் 64 கிராம் வரும். ஒவ்வொன்றுக்கும் செரிமான விகிதத்தைக் கழித்தால், உடம்புக்குக் கிடைப்பது 52 கிராம் போல. இழப்பு ஐந்தில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட இன்னொரு டம்ளர் பாலும், 40 கிராம் கொண்டைக்கடலையும் போதும்.

தாவரப் புரதத்தை நம் குடலால் உடைக்க முடியாது என்பதும் தவறான எண்ணம். தடை புரதத்தில் இல்லை, அதைச் சுற்றியிருப்பவற்றில்தான். பயறின் ஒவ்வொரு செல்லுக்கும் நெல்லுக்கு உமி மாதிரி ஒரு கெட்டிச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் உடையாவிட்டால் நொதி உள்ளே போக முடியாது. தோலில் இருக்கும் டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ட்ரிப்சினைத் தடுக்கும் பொருள்களும் பயறில் உண்டு. இவற்றையெல்லாம் பிரித்தெடுத்துவிட்டால் சோயாப் புரதமும் 95 சதவீதம் செரிக்கிறது. மகன் கேட்கும் பவுடர் டப்பாவில் சோயா என்றோ பட்டாணி என்றோ போட்டிருந்தால், அதுவும் செடிதான் என்று அவனுக்கு நினைவூட்டுங்கள்.

பவுடரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை, கிலோவுக்கு 0.83 கிராம். பால், முட்டை அதிகம் இல்லாதவர்கள் 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. எடை தூக்கித் தசை வளர்ப்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. அதற்கு மேல் சான்று மெலிந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு அது 104 கிராம். வீட்டுச் சாப்பாட்டில் 64 வருகிறது. மீதி 40 கிராமைப் பருப்பிலேயே நிரப்பப் பார்த்தால் வயிற்றில் இடம் இருக்காது. 50 கிராம் மீல் மேக்கரில் 25 கிராம் புரதம் கிடைக்கும். பனீர், கெட்டித் தயிர், பொட்டுக்கடலை என்று பார்த்துச் சேர்த்தால் மிச்சமும் வந்துவிடும். அதற்கெல்லாம் நேரமில்லை என்றால் பவுடர் வாங்கட்டும். பருப்பு உடம்பில் ஒட்டாது என்ற காரணத்துக்காக வாங்க வேண்டாம். சாம்பாரைப் புரதக் கணக்கில் சேர்க்கும்போது மட்டும் கவனம்: ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பு 20 கிராம் இருந்தாலே பெரிய மனசுக்காரர் வீடு.

கேள்வி: சோற்றில் இல்லாத சத்து பருப்பில், பருப்பில் இல்லாதது சோற்றில் என்பார்கள். இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டால்தான் பலனா? நான் காலையில் பயறும் மதியம் தயிர்சாதமும் சாப்பிடுகிறேன்.
– வாசகர், மதுரை

பதில்: அப்படியே தொடருங்கள். அரிசி, கோதுமையில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம், மெத்தியோனின்தான் கம்மி. ஆகவே ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறது. ஒரே தட்டில் சேர வேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியதில் 1971-இல் அமெரிக்காவின் பிரான்சிஸ் மூர் லாப்பே எழுதிய புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பத்து வருஷம் கழித்து வந்த மறுபதிப்பில், அவ்வளவு நுணுக்கமாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று அவரே திருத்திக்கொண்டார். உடம்புக்குள் அமினோ அமிலங்களின் இருப்பு ஒன்று எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். தயிரில் இரண்டுமே போதிய அளவு இருப்பதால் உங்கள் மதியச் சாப்பாடு தனியாகவே தேறிவிடும்.

கேள்வி: குக்கரில் வைத்தால் புரதம் செத்துவிடும், முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்றால்தான் முழுச்சத்து என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. சோடா உப்பு போடலாமா?
– வாசகி, சேலம்

பதில்: புரதம் சாகாது. சூட்டில் அதன் சுருள் பிரிந்துகொள்ளும், அவ்வளவுதான். பிரிந்தால் நொதிகளுக்கு வேலை சுலபம். 1917-லேயே ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளுக்குச் சோயா கொடுத்துப் பார்த்தார்கள். பச்சையாகத் தின்றவை வளரவில்லை. வேகவைத்ததைத் தின்றவை வளர்ந்தன. ட்ரிப்சினைத் தடுக்கும் பொருளைச் சூடுதான் அழிக்கிறது. முளைகட்டுவது நல்லதுதான், வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும், தாது உப்புகளை உடம்பில் சேரவிடாத ஃபைட்டேட்டும் குறைகின்றன. ஆனால் முளைகட்டிய பிறகும் ஆவியிலாவது வேகவையுங்கள். ஈரமும் கதகதப்பும் பயறை மட்டுமல்ல, கிருமிகளையும் வளர்க்கும்.

ராஜ்மாவில் இன்னும் கவனம் வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகத் தளதளவென்று அரை மணி நேரமாவது கொதிக்க வேண்டும். குக்கர் இருந்தால் கவலை இல்லை. கொதிநிலைக்குப் போகாமல் மெதுவாகச் சூடேறும் மின்பானைகளில் மட்டும் அதை நேராகப் போட்டுவிடாதீர்கள்.

போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல்சுவரை இறுக்கிவிடுகின்றன. புளியை முதலிலேயே ஊற்றினாலும் அதே கதை. வேகாத பருப்பு செரிக்காத பருப்பு என்பதால் இது ருசிப் பிரச்சினை மட்டுமல்ல. சோடா உப்பு போட்டால் வெந்துவிடும். ஆனால் பி1 வைட்டமின் கணிசமாக அழியும். குடிக்கும் தண்ணீரிலேயே ஊறவைத்து, வேகவைத்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் டப்பாவில் கிடந்த பருப்பானால் எந்தத் தண்ணீரும் உதவாது.

கேள்வி: சோளத்துக்கு மாறிவிட்டோம். அரிசியைவிடப் புரதம் அதிகம் என்கிறார்கள்.
– வாசகர், தருமபுரி

பதில்: அளவில் அதிகம்தான். செரிமானத்தில் சோளம் கொஞ்சம் வம்புக்காரத் தானியம். மற்றவை வெந்தால் இளகும். சோளத்திலுள்ள கஃபிரின் என்ற புரதமோ தண்ணீரில் வேகும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நொதிக்கு இடம் கொடுக்க மறுக்கிறது. புளிக்கவைத்தால் நிலைமை மாறுகிறது. ஆகவே களியைவிடச் சோள தோசைக்கு என் ஓட்டு. நாருக்கும் மற்ற சத்துகளுக்கும் தாராளமாகச் சாப்பிடுங்கள். புரதத்துக்குக் கூடவே பருப்பு, தயிர், முட்டை ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: 74 வயது மாமியார் ரசம் சாதம் தவிர எதையும் தொடுவதில்லை. பருப்பு மந்தம் என்கிறார். நடை தளர்ந்துகொண்டே போகிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: இந்த வயதில் தசைக்குப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் குறைகிறது. அதனால் இளையவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, வயதானவர்களுக்கான வல்லுநர் குழுக்கள் சொல்கின்றன. ரசம் சாதத்தில் அதில் பாதிகூடத் தேறாது. பருப்பு வேண்டாம் என்பவரிடம் மல்லுக்கட்டாதீர்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து அந்த ரசத்திலேயே கரைத்துவிடுங்கள். தோல் போன பருப்பு, செல்சுவர் உடைந்த பருப்பு, மந்தம் தட்டாது. உளுந்தங்கஞ்சி, இட்லி, மாலையில் ஒரு டம்ளர் பால் என்று வேளைக்குக் கொஞ்சமாகப் பிரியுங்கள். பல் இல்லையா என்பதையும் பாருங்கள். பல சமயம் 'மந்தம்' என்று சொல்வது மெல்ல முடியாததைத்தான்.

சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ பல வருஷமாக இருந்தால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். முதலில் கிரியாட்டினின் பரிசோதனை செய்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.