முதலில் பில்லைப் பார், பிறகு மாடியைப் பார்

அன்புள்ள கயல்,

சோலார் போடலாமா வேண்டாமா என்று அப்பா உன்னையே முடிவெடுக்கச் சொல்லிவிட்டாராமே, நல்லது. எந்தக் கம்பெனி பேனல் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அது கடைசியில் கேட்க வேண்டியது. முதலில் ஒரு வருஷத்துக் கரண்ட் பில்களை எடுத்துவை.

ஆறு பில் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்று குறித்துக்கொள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட்வரை வீடுகளுக்கு இலவசம். அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை குறைந்துவிடும். சோலார் உன் பில்லை மேலிருந்து, அதாவது விலை அதிகமான யூனிட்டிலிருந்துதான் குறைத்துக்கொண்டு வரும். அதனால் 700, 800 யூனிட் ஓடும் வீட்டுக்கு லாபம் சீக்கிரம் தெரியும். 200-க்குள் அடங்கும் வீட்டுக்காரர் சோலார் போட்டால், மலிவாகக் கிடைக்கிற மின்சாரத்தைக் கைக்காசு போட்டுத் தயாரித்த கதைதான்.

அடுத்தது அளவு. 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 720. ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். பங்குனி, சித்திரையில் கூடும். ஏறத்தாழ 300 சதுர அடி இடம் வேண்டும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் அவ்வளவுதான். மொத்தச் செலவில் மானியத்தைக் கழித்து, வருஷத்துக்கு பில்லில் மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பார். ஆறேழு வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்று வந்தால் யோசிக்காதே. பேனல் 25 வருஷம் உழைக்கும். இன்வெர்ட்டரை மட்டும் நடுவில் ஒருமுறை மாற்ற நேரலாம், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்.

இனி மாடிக்குப் போ. காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணிவரை மணிக்கொரு தடவை நிழலின் ஓரத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டு வை. கஜா புயலுக்குப் பிறகு அப்பா வைத்த தென்னைகள் இப்போது மாடிக்கு மேல் வளர்ந்திருக்குமே! பேனல்கள் வரிசையாக ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பேனலில் மட்டை நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் அடிவாங்கலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்; தண்ணீர்த் தொட்டியின் நிழல் வடக்கே நீண்டுகொண்டு வரும். ஆகவே சித்திரையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. நம் பக்கத்தில் பேனல் தெற்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருந்தால் போதும்.

2018-இல் கஜா பட்டுக்கோட்டைப் பக்கம் என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். அதனால் ஸ்டாண்டைத் தளத்தோடு எப்படிப் பிணைக்கிறார்கள் என்று கேள். சும்மா சிமெண்ட் கட்டைமேல் உட்காரவைப்பவரை அனுப்பிவிடு. போல்ட் போடத் துளைத்த இடத்தில் ஒழுகாமல் பூசித் தருவாரா என்பதையும் எழுதி வாங்கு.

இன்னொன்று, பலரும் ஏமாந்துபோகிற விஷயம். பகலில் மிஞ்சும் மின்சாரம் லைனுக்குப் போய், இரவில் நாம் எடுப்பதோடு கழிபடும். அதற்கு இருவழி மீட்டர் வைப்பார்கள். ஆனால் கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். கரண்ட் போனபோதும் விளக்கெரிய வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு கூடும்.

பில் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா, நிழலில்லாத 300 சதுர அடி இருக்கிறதா, தளம் இன்னும் இருபது வருஷம் தாங்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் போடு. ஒன்றுக்கு இல்லை என்றாலும் இப்போதைக்குப் பொறு. யார் வந்து அவசரப்படுத்தினாலும் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா