ஏற்றம் – ஒரு சொல் விளக்கம்

திருமண வாழ்த்திதழ்களிலும், புதுமனை புகுவிழா அழைப்பிதழ்களிலும், மேடைப் பேச்சுகளிலும் ‘ஏற்றம்’ என்னும் சொல் தவறாது இடம் பெறுகின்றது. ‘ஏற்றமிகு வாழ்வு பெறுக’ என வாழ்த்துகிறோம், வாழ்த்தும் பெறுகிறோம். நாவில் பழகிப்போன இச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் இக்கட்டுரையில் சற்றே ஆராய்வோம்.

சொல்லின் பிறப்பு

‘ஏறு’ என்பது இதன் வேர். மேலே செல்லுதல், மிகுதல், உயர்தல் என்பன அதன் பொருள்கள். மலையாளத்தில் ‘ஏறுக’ என்றும், கன்னடத்தில் ‘ஏறு’ என்றும் இவ்வேர் வழங்குகின்றது. நாம் நாள்தோறும் கூறும் ‘ஏறக்குறைய’ என்ற தொடரில் ‘ஏற’ என்பது ‘மிக’ என்னும் பொருளைத் தருவது காண்க.

பகுபதத்திற்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை வகுத்துக் காட்டியது நன்னூல். அதனை அருளிய பவணந்தி முனிவர் நம் சமண முனிவரே என்பதை யாவரும் அறிவர். அவர் காட்டிய வழியில் இச்சொல்லைப் பிரித்தால் இருவகையாகப் பிரிக்கலாம். மாறு ‘மாற்றம்’ எனவும், நாறு ‘நாற்றம்’ எனவும் ஆவதுபோல, ‘ஏறு’ என்னும் தன்வினைப் பகுதி ஒற்று இரட்டித்து, ‘அம்’ விகுதி பெற்று ‘ஏற்றம்’ ஆகும். ‘ஏற்று’ என்னும் பிறவினைப் பகுதியோடு ‘அம்’ சேர்ந்தாலும் ‘ஏற்றம்’ என்றே ஆகும். ஆகவே, தான் ஏறுவதும் ஏற்றம். பிறரை ஏற்றுவதும் ஏற்றம். மலையேற்றத்தில் ஏறுபவர் நாம். கொடியேற்றத்திலோ ஏறுவது கொடி, ஏற்றுபவர் நாம். ஒரே சொல் இரு செயலுக்கும் பொதுவாய் நிற்பது சிந்திக்கத் தக்கது.

நீர் இறைக்கும் ஏற்றம்

கிணற்று நீரை வயலுக்கு இறைக்கும் கருவிக்கும் ஏற்றம் என்றே பெயர். உழவுத் தொழிலில் ஊறிய நம் குடும்பங்களில் முதியோர் பலர் இதனைக் கண்டிருப்பர். நட்ட மரத்தின்மேல் குறுக்காகத் துலா கிடக்கும். அதன் ஒரு நுனியில் கழியும் சாலும் தொங்கும். துலாவின்மீது ஒருவரோ இருவரோ ஏறி நின்று முன்னும் பின்னுமாக நடப்பர். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் தாழும். பின்னோக்கி நடந்தால் சால் நீரோடு மேலெழும். கீழே நிற்பவர் அதனைப் பற்றி வாய்க்காலில் கவிழ்ப்பார். மின்விசையால் இயங்கும் பம்பு செட்டுகள் வந்தபின் இக்கருவி பெரும்பாலும் மறைந்துவிட்டது. நாள் முழுதும் துலாவில் ஏறி இறங்கியவர் பாய்ச்சிய நீர் பயிருக்குச் சென்றது. அப்பயிர் ஊருக்குச் சோறாயிற்று. இங்கே ஏறுதலும் ஏற்றுதலும் ஒரே செயலில் அமைந்துள்ளன.

ஏறுவன யாவும் ஏற்றமா?

வழக்கில் இச்சொல் எதனோடெல்லாம் சேர்கின்றது என்று நோக்குவோம். அரசன் அரியணை ஏறுகிறான். மாணவன் வகுப்பு ஏறுகிறான். அதுபோலவே விலை ஏறுகிறது, வட்டி ஏறுகிறது, நஞ்சு ஏறுகிறது, செருக்குத் தலைக்கேறுகிறது. எனவே ஏறுதல் என்பது ஓர் இயக்கமே. ஏறுவது எது என்பதைப் பொறுத்தே அது நன்றோ தீதோ ஆகின்றது.

எழுச்சியைக் குறிக்கும் மற்றொரு சொல் ‘உதயம்’. ஞாயிற்றின் தோற்றத்தைச் சுட்டும் இவ்வடசொல்லை நம் ஆகமங்கள் வினைப்பயன் வெளிப்படுதலுக்குப் பெயராக ஆள்கின்றன. செல்வமும் புகழும் வந்து சேருங்கால் ‘நாம் ஏறினோம்’ என மகிழ்கிறோம். உண்மையில் அது முன்செய்த நல்வினையின் உதயமே. வினை உதித்தது, உயிர் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அந்த உதயம் தீர்ந்தவுடன் செல்வமும் விலகுவது கண்டு நாம் கலங்குவது இவ்வேறுபாட்டை உணராமையாலேயாம்.

உயிர் ஏறும் படிகள்

உயிர் உண்மையாக ஏறும் படிகளை 14 குணஸ்தானங்கள் என முன்னோர் வகுத்தனர். 8ஆம் படிமுதல் ஏறும் வழி இரண்டாகப் பிரிகின்றது. மோகனீய கருமத்தை அடக்கிக்கொண்டு ஏறுவது உபசம சிரேணி. அதனை அழித்துக்கொண்டு ஏறுவது க்ஷபக சிரேணி. கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் சேறு அடியில் படிந்து நீர் தெளியும். பானை அசைந்தால் மீண்டும் கலங்கும். உபசமம் அத்தகையது. அவ்வழியே 11ஆம் படியை எய்தியவரும் 48 நிமிடங்கொண்ட ஒரு முகூர்த்தம்கூட அங்கு நிற்க இயலாது. அடங்கிய கஷாயம் உதயமாகி அவரைக் கீழே இறக்கும். முதற்படி வரையிலும் வீழ்தல் கூடும். தெளிந்த நீரை வேறு தூய கலத்தில் வடித்துக்கொண்டால் பின் கலங்க இடமில்லை. க்ஷபக சிரேணியில் செல்பவர் 10ஆம் படியில் எஞ்சிநின்ற நுண்ணிய உலோபத்தையும் ஒழித்து, 11ஐத் தொடாமலே 12ஐ அடைகிறார். அவருக்கு வீழ்ச்சி இல்லை.

சேறு பூசிய சுரைக்குடுக்கை நீரில் அமிழ்ந்து கிடக்கும். சேறு கரைந்ததும் தானே மேலெழும். வினைச்சுமை நீங்கிய உயிரும் அவ்வாறே உலகின் உச்சிக்கு எழுகின்றது என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் உவமை. ஏறுதல் உயிரின் இயல்பு. அதனைத் தடுப்பது நாம் பூசிக்கொண்ட சேறு.

இல்லறத்தாராகிய நமக்கு அந்த உயர்படிகள் தொலைவில் உள்ளன என்பது உண்மையே. எனினும் நற்காட்சி என்னும் 4ஆம் படியும், அணுவிரதங்களை ஏற்கும் 5ஆம் படியும் இல்லறத்தார்க்கும் உரியன. கோபத்தை வெளியே காட்டாது உள்ளே வைத்திருப்பது அடக்குதல். அதன் காரணத்தை ஆராய்ந்து விடுதல் அழித்தல். எதனைச் செய்கிறோம் என்று நாள்தோறும் உறங்குமுன் எண்ணிப் பார்ப்போம். நாம் ஒரு படி ஏறினால் நம் மக்களையும் அண்டை அயலாரையும் ஒரு படி ஏற்ற முயல்வோம். ‘ஏற்றம் பெறுக’ என்று இனி ஒருவரை வாழ்த்துங்கால் இவ்விரு பொருளும் நம் நெஞ்சில் நிற்பதாக.